வார்த்தையில்லாப் புத்தகம்: சிவப்புக்கு ஒரு பக்கம் உண்டு, ஈஸ்டருக்கு இல்லை

12 ரூபாய் கொடுத்தால் ஒரு எழுத்துகூட இல்லாத புத்தகம் கிடைக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அட்டை பச்சை. பிரித்தால் தங்கம், அடுத்து கறுப்பு, சிவப்பு, வெள்ளை. புத்தகம் முடிந்தது. சண்டே ஸ்கூல் டீச்சர்மார், வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறவர்கள், கிராம ஊழியத்துக்குப் போகிறவர்கள் என்று பலருடைய பைபிள் உறைக்குள்ளும் இது ஒன்று செருகியிருக்கும். நான் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாங்குநேரி வட்டாரத்தில் ஒரு கிராமத்துக் கோயிலில் (தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) சின்னப் பிள்ளைகள் வகுப்பு என் பொறுப்பு. இந்தக் கோடை விடுமுறை வி.பி.எஸ்.-க்காக இதை மூன்று வடிவத்தில் வாங்கினோம். பிள்ளைகள் கையில் கொடுக்கச் சின்னது ஒரு கட்டு, வகுப்பில் தூக்கிப் பிடிக்கப் பெரிய துணிப் புத்தகம், அதே ஐந்து நிற மணிகளைக் கோத்துக் கையில் கட்டும் பொட்டலம். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று பக்கத்துச் சேகரத்து (சபை வட்டாரத்து) டீச்சர்மார் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் இதன் பூர்வீகம். லண்டனில் சார்ல்ஸ் ஸ்பர்ஜன் என்ற பிரசங்கியார் 1866 ஜனவரி 11 அன்று பைபிளின் 51-ஆம் சங்கீதத்தின் ஏழாம் வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார். "என்னைக் கழுவியருளும், அப்பொழுது நான் உறைந்த மழையிலும் வெண்மையாவேன்" என்பது அந்த வசனம். பழைய போதகர் ஒருவர் மூன்றே தாள் கொண்ட புத்தகம் ஒன்றைக் கூடவே வைத்திருந்து அடிக்கடி பிரித்துப் பார்த்துக்கொள்வார் என்று அந்தப் பிரசங்கத்தில் சொன்னார். கறுப்பு தன் பாவம், சிவப்பு கிறிஸ்துவின் இரத்தம், வெள்ளை கழுவப்பட்ட நிலை. அப்போது மூன்றுதான். 1875-இல் அமெரிக்கச் சுவிசேஷகர் டி.எல். மூடி தங்கத்தைச் சேர்த்தார். பச்சை அதற்கும் பிறகு வந்தது. 1937-இல் தொடங்கிய சைல்ட் இவாஞ்சலிசம் பெல்லோஷிப் என்ற சிறுவர் ஊழிய அமைப்பு ஐந்து நிறத்தோடு இதை உலகமெங்கும் கொண்டுபோனது. சீனாவுக்குப் போன மிஷனரிகளும் இதைக் கையில் வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கு வந்த வழி இன்னும் சுவாரசியம். 1895-இல் இந்தியாவுக்கு வந்து, பின்பு திருநெல்வேலிச் சீமையிலேயே தங்கிவிட்ட ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் அவரோடு ஊழியம் செய்த சாரள் என்ற தமிழ்ப் பெண்ணும் இந்த நிறங்களைச் சாட்டின் துணியில் கொடியாகத் தைத்து, அதைக் காட்டிச் சுவிசேஷம் சொல்லியிருக்கிறார்கள். அம்மையார் 1951-இல் இறந்து அடக்கமான டோனாவூர் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அதனால் இந்தப் புத்தகத்தை வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும். நூறு வருஷத்துக்கு மேலாக எங்கள் செம்மண்ணில் புழங்கிய பொருள் இது.

இனி பக்கம் பக்கமாகப் போகிறேன். பக்கத்துக்குப் பக்கம் என் அபிப்பிராயம் மாறும்.

தங்கம் நல்ல தொடக்கம். பரலோகத்தின் வீதி சுத்தப் பொன் என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் படிக்கிறோம் அல்லவா, அதைச் சொல்லி, அப்படிப்பட்ட இடத்தை வைத்திருக்கிறவர் உன்னை நேசிக்கிறார் என்று ஆரம்பிக்கலாம். பாவத்தில் ஆரம்பிக்காமல் அன்பில் ஆரம்பிப்பது பிள்ளைகளுக்கு நல்லது. பெரியவர்களுக்கும் நல்லதுதான், ஆனால் பெரியவர்களுக்குப் பிரசங்கிக்கிறவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். தங்கப் பக்கம் ஜிகினாத் தாளாக இருந்தால் பிள்ளைகள் அதில் முகம் பார்ப்பார்கள். மஞ்சள் மையில் அச்சடித்த மலிவுப் பதிப்பும் உண்டு. அதைக் காட்டினால் "மஞ்சப்பொடி டீச்சர்" என்பார்கள். இரண்டு ரூபாய் அதிகம் போனாலும் ஜிகினா வாங்குங்கள்.

கறுப்புப் பக்கத்தில் கவனம் வேண்டும். கூட வரும் வழிகாட்டித் தாளில் "கறுப்பு நம் பாவ இருதயத்தைக் காட்டுகிறது" என்று ஒற்றை வரி இருக்கிறது. அதை அப்படியே ஒப்பித்தால் என்ன ஆகும் என்று ஒரு வகுப்பில் கண்ணால் பார்த்தேன். உதவிக்கு வந்திருந்த காலேஜ் பெண் அந்த வரியைச் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி தன் முன்னங்கையைப் பக்கத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பையன் களுக்கென்று சிரித்தான். பொறந்த நாளிலிருந்து "கறுத்தவ" என்று வீட்டிலும் தெருவிலும் கேட்டுக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, கோயிலிலும் வந்து கறுப்புதான் பாவம் என்று சொல்லிக் கொடுக்க ஒரு புத்தகம் தேவையில்லை. இந்தக் குறையை வெளிநாட்டில் உணர்ந்து இப்போது "இருள்" என்று மாற்றிச் சொல்கிறார்கள். நம் ஊர் அச்சகங்களின் வழிகாட்டித் தாளுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

நான் அந்தப் பக்கத்தை, இயேசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளிக்குக் கொண்டுபோய்விடுவேன். "ஆறாம்மணி நேரமுதல் ஒன்பதாம்மணி நேரம்வரைக்கும் பூமியெங்கும் அந்தகாரம் உண்டாயிற்று" என்கிறார் சுவிசேஷம் எழுதிய மாற்கு. நம் கணக்குக்கு மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று. சித்திரை வெயிலில் உச்சிப் பொழுதில் வெளியே பார்க்கச் சொல்லி, இந்த நேரத்தில் திடீரென்று இருட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். "அம்மாவக் கூப்பிடுவேன்" என்பார்கள். சிலுவையின் அடியிலும் ஒரு அம்மா நின்றார் என்று அங்கிருந்து தொடரலாம். பொய், திருட்டு, தம்பியை அடித்தது, எல்லாவற்றையும் பிறகு பிள்ளைகளே அந்த இருட்டுக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். நாம் பட்டியல் போட வேண்டாம்.

அடுத்தது சிவப்பு. இந்தப் புத்தகத்தின் இருதயம் இந்தப் பக்கம்தான் என்று எல்லா ஊழியக்காரர்களும் சொல்வார்கள். ஒரு வகையில் வாஸ்தவம். வார்த்தை இல்லாத சிவப்பைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தாலே போதும், வகுப்பு அடங்கிவிடும். பிறகு கேள்வி வரும். ஆணி எங்கே அடித்தார்கள், எவ்வளவு நீளம், அவர் ஏன் இறங்கி வரவில்லை. ஆணிக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. 1968-இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு பழைய கல்லறையில் எலும்புப் பெட்டி ஒன்றை எடுத்தார்கள். யெகோகனான் என்று பேர் வெட்டியிருந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதில் இரும்பு ஆணி ஏறியபடியே இருந்தது, ஏறக்குறைய பதினொன்றரை சென்டிமீட்டர். இயேசுவின் காலத்தை ஒட்டியது. பிள்ளைகள் தங்கள் ஸ்கேலை எடுத்து அளந்து பார்ப்பார்கள். அதற்குமேல் ரத்தத்தை வர்ணிக்கத் தேவையில்லை. சில அண்ணன்மார் சவுக்கடியை நடித்துக் காட்டி நாலு வயதுப் பிள்ளையை அழவைத்துவிட்டு "ஆவியானவர் தொட்டார்" என்கிறார்கள். அது பயம், வேறொன்றும் இல்லை.

ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிவப்பு வேறொன்றையும் ஞாபகப்படுத்தும். இங்கே வி.பி.எஸ்.-க்கு வருகிறவர்களில் பாதிக்குப் பாதி இந்து வீட்டுப் பிள்ளைகள். பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் சேர்ப்போம். அந்தப் பழக்கத்தை நான் விடுவதில்லை. அவர்கள் வீட்டில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிடா வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். "நமக்காக இரத்தம் சிந்தினார்" என்றதும் ஒரு பையன் பளிச்சென்று கேட்டான்.

"நேந்துகிட்டு கெடா வெட்டுவாவல்லா, அது மாரியா டீச்சர்?"

இதைக் கேட்டு முகம் சுளிக்கிற டீச்சர் உண்டு. எனக்கு அவன்மேல் மரியாதைதான் வந்தது. எபிரெயர் நிருபத்தை எழுதியவரும் ஆடு மாடுகளின் இரத்தத்தில் ஆரம்பித்துத்தானே சிலுவைக்கு வருகிறார். ஆமாம் தம்பி, அது மாதிரி ஒன்றுதான், ஆனால் வருஷா வருஷம் இல்லை, ஒரே தரம் என்றேன். அவன் விடவில்லை.

"கெடா வெட்டுனா கறி ஆக்கிருவோம். இவர என்ன செஞ்சாவ?"

புதைத்தார்கள் என்றேன். "பொறவு?" என்றான்.

பிறகு என்ன என்று காட்ட நான் புத்தகத்தைத் திருப்பினேன். வெள்ளை. வழிகாட்டித் தாள் என்ன சொல்கிறது? "வெள்ளை, இரத்தத்தால் கழுவப்பட்ட நம் சுத்த இருதயம்." சிலுவையிலிருந்து ஒரே தாண்டில் என் இருதயத்துக்கு வந்துவிடுகிறது. கல்லறைக்குப் பக்கம் இல்லை. மூன்றாம் நாளுக்குப் பக்கம் இல்லை. பிள்ளை கேட்ட "பொறவு"க்குப் பதில் இல்லை.

என் பெரிய குறை இதுதான். காகிதம், மை, விலை எல்லாம் இதற்குப் பிறகு. சுவிசேஷம் என்றால் என்ன என்று பவுல் கொரிந்தியருக்கு நாலே வரியில் எழுதியிருக்கிறார்: கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்து, கேபாவுக்கும் (பேதுருவுக்கும்) பின்பு பன்னிருவருக்கும் தரிசனமானார். ஐந்து நிறத்தில் "மரித்தார்" ஒன்றுக்குத்தான் நிறம் கிடைத்திருக்கிறது. அதே அதிகாரத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வசனம் தள்ளி, "கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும், நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்" என்கிறார். அவர் சொல்கிறபடி பார்த்தால், ஈஸ்டர் இல்லாமல் வெள்ளைப் பக்கத்துக்கே வர முடியாது. சிவப்பிலேயே நிற்க வேண்டியதுதான்.

சிவப்பைக் காட்டும்போதே "மரித்து உயிர்த்தெழுந்தார்" என்று சேர்த்துச் சொல்லிவிடலாமே என்பார்கள். வழிகாட்டித் தாளிலும் கடைசியில் அப்படி ஒரு வார்த்தை ஒட்டவைத்திருக்கிறது. பிள்ளைகள் கண்ணால் படிக்கிறவர்கள். கண் சிவப்பில் இருக்கும்போது காதில் விழுகிற ஒரு வினையெச்சம் எங்கே நிற்கும்? இது இந்தப் புத்தகத்தின் வியாதி மட்டும் இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைகளில் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கு உட்கார இடம் இருக்காது, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பிரசங்கியார், கறுப்பும் வெள்ளையும் உடுத்தி ஊரே வரும். ஈஸ்டர் விடியற்காலை நாலு மணி ஆராதனைக்கு அதில் பாதிப்பேர். பாட்டு, திருவிருந்து, கைகுலுக்கல், வீட்டுக்குப் போய் மட்டன். சாவுக்கு மூன்று மணி நேரம், உயிர்ப்புக்கு ஒன்றரை. அந்தக் கணக்குத்தான் புத்தகத்திலும் வந்திருக்கிறது.

என் வகுப்பில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்களுக்கு உபயோகப்படும். வெள்ளைப் பக்கம் வந்ததும் இருதயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இது என்ன துணி என்று கேட்பேன். வேட்டி, பெட்ஷீட், பள்ளிக்கூடச் சட்டை என்று வரும். பேதுரு கல்லறைக்குள் நுழைந்து என்ன பார்த்தார் என்று யோவான் சொல்கிறதை வாசிப்பேன்: சீலைகள் கிடந்தன, தலையில் சுற்றியிருந்த சீலை மற்றதோடு சேராமல் தனியே ஒரு இடத்தில் சுருட்டி வைத்திருந்தது. திருடன் வந்து உடலைத் தூக்கியிருந்தால் துணியை மடித்து வைத்துவிட்டா போவான்? பிள்ளைகளுக்கு இந்தத் துப்பறியும் வேலை ரொம்பப் பிடிக்கும். கல்லை யார் தள்ளியது, காவல்காரர் எங்கே போனார்கள், முதலில் போனது ஆம்பிளைகளா பொம்பிளைகளா என்று அவர்களே தோண்டுவார்கள். பொம்பிளைகள்தான் என்றதும் பெண்பிள்ளைகள் பக்கம் ஒரு கைதட்டல் விழும். மாற்குவில் கல்லறைக்குள் உட்கார்ந்திருந்த வாலிபனுக்கும் வெள்ளை அங்கிதான். ஆக, வெள்ளையை ஈஸ்டர் பக்கமாக்கலாம், வேதத்தை வளைக்காமலே. "அந்த ஈஸ்டர் என் இருதயத்துக்கு என்ன செய்யும்" என்பதை இரண்டாவதாகச் சொன்னால் சங்கீதக்காரனுடைய வெண்மையும் சரியான இடத்தில் வந்து உட்காரும்.

அடுத்த கேள்வியும் தப்பாமல் வரும். "அப்போ பேயா வந்தாரா டீச்சர்?" செத்தவர் திரும்ப வந்தால் எங்கள் ஊரில் அதற்குப் பேர் பேய்தான். சீஷர்களுக்கும் அதே சந்தேகம் வந்தது, ஆவியைக் காண்கிறதாக நினைத்தார்கள் என்று லூக்காவே எழுதியிருக்கிறார். அதற்கு இயேசு ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பொரித்த மீன் துண்டைக் கொடுத்தார்கள், அவர்களுக்கு முன்பாக வாங்கிச் சாப்பிட்டார். பேய்க்கு வயிறு கிடையாது என்று எங்கள் வகுப்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கிடாவைக் கேட்ட பையன் மட்டும் "என்ன மீனு?" என்றான். கடல் மீனா ஆற்று மீனா என்று அரைமணி நேரம் போயிற்று. அன்றைய மனப்பாட வசனத்தை மறுநாளைக்குத் தள்ளினோம்.

பச்சை அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளர வேண்டும், ஜெபம், வேதம், சபை. அட்டையாக இருப்பதால் முதலில் கண்ணில் பட்டு, கடைசியில் சொல்லப்படுகிறது. வகுப்பு முடிகிற அவசரத்தில் பாதி நாள் விட்டுப்போகும்.

இப்போது சரக்கின் தரம். சின்னப் புத்தகத்தை ஒரு பெரிய ஊர்க் கடையில் கட்டாக வாங்கினோம். எந்த அச்சகம் என்று புத்தகத்திலும் போடவில்லை, நானும் போடப்போவதில்லை. சிவப்புக்கு நேர் எதிரே வெள்ளை வருகிறது அல்லவா? மே மாத வெயில், வேர்த்த கை, சட்டைப் பை. இரண்டாம் நாளே சிவப்பு மை வெள்ளையில் ஒட்டி, வெள்ளைப் பக்கம் ரோஸ் நிறமாகிவிட்டது. "இரத்தம் கழுவுனா வெள்ளையாவும்னிய, செவப்பாயிட்டே" என்று கேட்கப்பட்டேன். அதற்கு எந்த இறையியல் கல்லூரியிலும் பதில் சொல்லித் தருவதில்லை. கடைக்காரருக்கு போன் பண்ணினால் "அது அப்படித்தான் அக்கா வரும், பவுடர் போட்டு வையுங்க" என்றார். இன்னொரு குறை: பின் அடித்த கம்பி மலிவு, ஒரு மழை நனைந்தால் துரு. கறுப்புத் தாள் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் புதுசாகவே இருக்கிறது. பாவம் நிலைத்து நிற்கும் என்பதற்கு அத்தாட்சி போல.

பெரிய துணிப் புத்தகம் வேறு ஜாதிச் சரக்கு. 350 ரூபாய். ஒவ்வொரு பக்கமும் அரை மேசை அகலம், வெல்வெட் மாதிரித் தடித்த துணி, மேலே ஒரு கட்டையில் கோத்திருக்கிறது. கடைசி வரிசைக்கும் தெரியும். சாயம் போகவில்லை, துவைத்தும் பார்த்துவிட்டேன். பக்கத்தின்மேல் பொம்மைகளை ஒட்டவைக்கலாம் என்பது இதன் பெரிய லாபம். நான் அந்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் இரண்டு தையல் போட்டுச் சுருட்டிய ஒரு கைக்குட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். "தனியே ஒரு இடத்தில்" வந்ததும் அதை அவிழ்த்துக் காட்டுவேன். தையல் தெரிந்த யாரும் 350 கொடுக்க வேண்டாம். ஐந்து நிறத்தில் துணி எடுத்து வீட்டிலேயே தைத்துவிடலாம். சாரளும் அம்மையாரும் அப்படித்தானே செய்தார்கள்.

மணிப் பொட்டலத்தை வாங்கவே வாங்காதீர்கள். இதை வேறு மாவட்டத்து டீச்சர்மார் படித்தால் என்ன கோபம் என்று நினைக்கலாம். எங்கள் தென் மாவட்டங்களில் பள்ளிக்கூடப் பிள்ளை கையில் கட்டுகிற கயிற்றின் நிறம் சாதியைச் சொல்லும். இன்ன நிறம் இன்னார் என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். அதனால் அடிதடி வரை போயிருக்கிறது. 2023 ஆகஸ்டில் எங்கள் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் நிறக்கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது. இந்த ஊரில் சுவிசேஷம் என்று சொல்லி இன்னொரு நிறக்கயிற்றைப் பிள்ளை கையில் கட்டி நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேனா? வாங்கி வந்த மணிகளைப் பிரித்து, பைபிளில் பக்க அடையாளம் வைக்கும் நூலின் நுனியில் கோத்துக் கொடுத்தோம். அதிலும் எல்லாருக்கும் தங்க மணிதான் வேண்டும், கறுப்பு மணி தரையில் உருண்டுகொண்டிருந்தது.

இதற்குப் போட்டியாக வருகிற படக் கட்டையையும் பார்த்தேன். எட்டுச் சின்னக் கட்டைகளைச் சேர்த்து, மடக்கி மடக்கித் திருப்பினால் படம் மாறிக்கொண்டே வரும். அதில் கல்லறை உண்டு. மூடிய கல்லறையை இரண்டு கையாலும் பிளந்தால் உள்ளேயிருந்து உயிர்த்த இயேசு வருவார். அந்த ஒரு திருப்பத்துக்காகவே அதை எடுத்துவிடலாமா என்று எனக்கு ஆசை வந்தது. புத்தகத்தில் இல்லாத மூன்றாம் நாள் அங்கே கையிலேயே நடக்கிறது. ஆனால் விலை பல மடங்கு, படத்தில் எல்லாரும் வெள்ளைக்காரர், அதோடு கட்டையைத் திருப்புகிற வித்தையிலேயே பிள்ளைகள் மயங்கிவிடுகிறார்கள். "இன்னொருக்க திருப்புங்க டீச்சர்" என்பார்களே தவிர, கேள்வி வராது. வெறும் நிறத்தைக் காட்டினால் பிள்ளை தன் வீட்டிலிருந்து கிடாவைக் கொண்டுவருகிறான், மீனைக் கொண்டுவருகிறான். படம் வரைந்து கொடுத்துவிட்டால் அதைக் கொண்டுவர அவனுக்கு இடம் ஏது?

பெரியவர்களிடம் எடுபடுமா என்று கேட்டால், எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ் ஆளிடம் இதை நீட்டினால் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போவார். அவருக்கு ஒரு மாற்கு சுவிசேஷப் பிரதியைக் கொடுங்கள், ஒன்றரை மணி நேரத்தில் முழுசும் படித்துவிடலாம். ஆனால் எங்கள் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கிற வடமாநிலத்துக் குடும்பங்களிடம் இது பேசும். அவர்கள் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவர்களுக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்து அம்மா ஒருத்தி புத்தகத்தை வாங்கி நிறத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, சிவப்பில் விரல் வைத்து, கோயில் உச்சியிலிருந்த சிலுவையைக் காட்டினாள். இந்தி தெரிந்த நர்ஸ் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு மீதியைச் சொன்னோம். வந்த வழியில் அந்த அம்மாவின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிந்து, முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம்.

ஆக, துணிப் புத்தகத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். சின்னதற்கு, சொல்கிற டீச்சரைப் பொறுத்து, இரண்டும் கொடுக்கலாம் நாலும் கொடுக்கலாம். மணிப் பொட்டலத்துக்குச் சுழி. வழிகாட்டித் தாளை வாங்கிய அன்றைக்கே எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். கடையில் காசு கொடுக்கும்முன் விரலை நாக்கில் தொட்டுச் சிவப்புப் பக்கத்தில் ஒரு தேய்ப்புத் தேயுங்கள். விரலில் சாயம் ஏறினால் வேறு கட்டு கேளுங்கள். அச்சகத்தார் யாராவது இதைப் பார்த்தால், சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மெல்லிய பழுப்புத் தாள் ஒன்று வைத்துத் தையுங்கள். மை ஒட்டாது. கல்லறை வாசலின் கல்லுக்கும் ஒரு பக்கம் கிடைத்த மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் அப்படி வந்தால் நான் இரண்டு கட்டு எடுத்துக்கொள்கிறேன், 15 ரூபாய் ஆனாலும் பரவாயில்லை.